பெர்லின் ஸ்டாசி தலைமையகம்: முதலில் கோப்புகள், அப்புறம் அமைச்சரின் அறை

பெர்லினுக்குப் போகிறவர்களில் பலர் சுவரின் மிச்சத்தைப் பார்த்து, பழைய எல்லைச் சாவடியான செக்பாயின்ட் சார்லியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, கிழக்கு ஜெர்மனியைப் பார்த்தாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். சுவர் வெளியே போகவிடாமல் தடுத்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களை நாற்பது வருஷம் வாய் திறக்கவிடாமல் வைத்திருந்தது எது என்று தெரிய வேண்டுமானால், நகரின் கிழக்கே லிக்டன்பெர்க் பகுதிக்குப் போக வேண்டும். அங்கேதான் கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸான, ஸ்டாசி என்று உலகம் அறிந்த அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமையகம் இருக்கிறது. 1950 பிப்ரவரி 8-இல் தொடங்கிய அந்த அமைச்சகம் போய்விட்டது, கட்டடங்கள் நிற்கின்றன, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

போவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே கோட்டை, முள்வேலி, சித்திரவதைக் கருவி என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பார்ப்பதற்கு ஒரு பெரிய அரசு அலுவலகம், அவ்வளவுதான். சாம்பல் நிறக் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரங்கள், மேசை, நாற்காலி, தொலைபேசி. இந்த இடத்தைப் பார்க்க வேண்டிய காரணமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். மனிதர்களின் வாழ்க்கையைக் குலைக்கிற வேலை இங்கே அலுவலக நேரத்தில், படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வரிசை எண் கொடுத்து நடந்தது. அதனால் பார்க்கும் வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் நேராக அமைச்சர் மீல்கேயின் அறைக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது வேறு: முதலில் கோப்புகள், அப்புறம் அறைகள், கடைசியில் முற்றம்.

போகும் வழி சுலபம். அலெக்சாண்டர்பிளாட்ஸிலிருந்தோ மத்திய ரயில் நிலையத்திலிருந்தோ ஊ5 (U5) சுரங்க ரயிலில் ஹோனோ போகும் திசையில் ஏறி, மக்டலேனன்ஷ்ட்ராசே நிலையத்தில் இறங்குங்கள். அலெக்சாண்டர்பிளாட்ஸிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது. ஏபி மண்டலப் பயணச்சீட்டு போதும். இயந்திரத்தில் எடுத்த காகிதச் சீட்டு என்றால், ரயில் ஏறுவதற்கு முன்பே நடைமேடையில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், குத்தாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம். இறங்கியதும் அவசரமாக மேலே ஏறாதீர்கள். நடைமேடைச் சுவர்களில் 20 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, ஜெர்மன் வரலாற்றைப் பற்றி, கிழக்கு ஜெர்மனி அரசு இருந்த காலத்திலேயே வைத்தவை. ஸ்டாசி ஊழியர்கள் தினமும் வேலைக்குப் போக இறங்கிய நிலையம் இது. மேலே வந்து ருஷெஷ்ட்ராசே தெருவில் சில நிமிடங்கள் நடந்தால் 103-ஆம் எண், வளாகத்தின் நுழைவு.

நுழைந்ததும் முற்றத்தில் நின்று ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே மட்டும் சுமார் 7000 பேர் வேலை பார்த்தார்கள். நாடு முழுக்க 1989-இல் முழுநேர ஊழியர்கள் ஏறக்குறைய 91,000 பேர், அதாவது 180 பேருக்கு ஒருவர். இது தவிர அக்கம்பக்கத்தார், சக ஊழியர், நண்பர், சில வீடுகளில் கணவனோ மனைவியோகூட என்று ரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் சுமார் 1,89,000 பேர். இந்த எண்களை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் பயன்படும்.

கட்டடங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஹௌஸ் 1 என்பது அருங்காட்சியகம், கட்டணம் உண்டு. ஹௌஸ் 7 என்பது ஆவணக் காப்பகத்தின் கண்காட்சி, இலவசம். முற்றத்தில் இருக்கும் திறந்தவெளிக் கண்காட்சியும் இலவசம். திறக்கும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், வார இறுதியில் தாமதமாகத் திறப்பார்கள், ஆகவே போகிற வாரத்தில் ஒருமுறை அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தத்துக்கும் குறைந்தது நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வருபவர்களுக்கு நாற்காலிகளைப் பார்த்த ஞாபகம் மட்டும்தான் மிஞ்சும்.

சரி, ஹௌஸ் 7. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஸ்டாசி விட்டுப்போன காகிதத்தை அடுக்கி வைத்தால் 111 கிலோமீட்டர் நீளம் வரும். அதில் ஒரு பகுதி இங்கே, மீதி பழைய மாவட்டத் தலைநகரங்களில். 2021 ஜூன் 17 முதல் எல்லாமே ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கண்காட்சியில் கோப்பு எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, யார் கையில் போனது என்று படிப்படியாகக் காட்டுகிறார்கள். ஜெர்மன் தெரியாது என்று தயங்க வேண்டாம், விளக்கங்கள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

அட்டைப் பதிவேடு வரும் இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். ஸ்டாசியின் மூளை அதுதான். ஒருவரைப் பற்றிய கோப்பைத் தேடுவது இப்படி நடந்தது: எஃப்16 என்ற அட்டையில் ஆளின் உண்மைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒரு பதிவு எண். அவ்வளவுதான். அவர் கண்காணிக்கப்படுபவரா, தகவல் கொடுப்பவரா என்பது அந்த அட்டையைப் பார்த்தால் தெரியாது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு எஃப்22 என்ற இன்னொரு பதிவேட்டுக்குப் போனால், அங்கே அது என்ன வகை வழக்கு, எந்த அதிகாரி கையில், என்ன மறைபெயர் என்று இருக்கும், ஆனால் ஆளின் பெயர் இருக்காது. இரண்டு அட்டையையும் சேர்த்து வைத்தால்தான் மனிதர் கிடைப்பார். உள்ளே வேலை பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. எஃப்16 அட்டைகளை எழுத்து வரிசையில்கூட அடுக்கவில்லை, ஒலி வரிசையில் அடுக்கினார்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் ஒன்றாகவே இருக்கும். ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடலில் வந்த பெயருக்கு எழுத்துக்கூட்டல் தெரியாதல்லவா, அதற்காக. கணினி பரவலாகாத காலத்தில் கோடிக்கணக்கான அட்டைகளைக் கையால் இப்படி நடத்தியிருக்கிறார்கள். இவ்வளவு புத்தியும் உழைப்பும் எதற்குப் போயிற்று என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது, ஒரு தனிமனிதரின் கோப்பை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்கும் பகுதிகள். இங்கே ஒரு வார்த்தையைத் தெரிந்துகொண்டு போங்கள்: ட்செர்செட்சுங். 1976-இல் ஸ்டாசி வெளியிட்ட ஒரு வழிகாட்டு ஆணையில் வரும் முறை அது, ஒருவரைக் கைது செய்யாமலேயே உள்ளுக்குள் அரித்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது. எழுபதுகளில் கிழக்கு ஜெர்மனிக்கு வெளிநாட்டு அங்கீகாரம் தேவைப்பட்டது, ஆட்களைக் கூட்டமாக ஜெயிலில் போட்டால் பெயர் கெடும். ஆகவே வேறு வழி. ஒருவரின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தில் வதந்தி கிளப்புவது, பெயரில்லாத கடிதம் அனுப்புவது, வேலையில் தொடர்ந்து தோற்கும்படி செய்வது, நண்பர்களிடையே சந்தேகத்தை விதைப்பது, ஆள் இல்லாதபோது வீட்டுக்குள் புகுந்து பொருள்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போவது. எதையும் நிரூபிக்க முடியாது. வெளியே சொன்னால், இவருக்குத்தான் மனநிலை சரியில்லை என்பார்கள். இதற்கான திட்டங்களைப் பத்தி பிரித்து, யார் எந்தத் தேதிக்குள் எதைச் செய்ய வேண்டும் என்று தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பக்கத்தையாவது முழுசாகப் படித்துவிட்டு ஹௌஸ் 1-க்குப் போங்கள். அந்த மேசைகள் எதற்காகப் போட்டிருந்தன என்பது அப்போதுதான் புரியும்.

கிழிந்த காகித மூட்டைகளையும் விடாதீர்கள். 1989 இலையுதிர்காலத்தில் ஆட்சி ஆட்டம் காண ஆரம்பித்ததும் ஸ்டாசிக்காரர்கள் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார்கள். கிழிக்கும் இயந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, கையால் கிழித்தார்கள், கிழித்ததை எரிக்க நேரம் கிடைப்பதற்குள் மக்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மிஞ்சியது சுமார் 16,000 மூட்டை. 1995 முதல் அவற்றை எடுத்து ஒட்டுகிறார்கள், பெரும்பாலும் கையால். ஃப்ரௌன்ஹோஃபர் என்ற ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே ஒரு கணினி முறையை உருவாக்கியது, ஆனால் அதனால் 23 மூட்டைகளைத்தான் முடிக்க முடிந்தது. கையால் ஒட்டியதோ 500 மூட்டைகளுக்கும் மேல்.

இனி ஹௌஸ் 1. 1960-61-இல் கட்டியது. வாசலுக்கு முன்னால் ஓட்டை ஓட்டையாக ஒரு கான்கிரீட் தடுப்பு இருக்கும், அழகுக்காக என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். காரிலிருந்து யார் இறங்கி உள்ளே போகிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக வைத்தது. உளவாளிகள் தங்கள் அமைச்சரையே மறைத்து வைத்திருந்தார்கள். தரைத்தளத்தில் ஒரு சிறிய வேன் நிற்கும், பார்காஸ் பி1000, கைதிகளை ஏற்றிப்போன வண்டி. உள்ளே ஐந்து அறைகள். அறை என்று சொல்வதே தப்பு, ஆள் முட்டி இடிக்க உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி, ஜன்னல் கிடையாது. வெளியே பார்த்தால் சாதாரணச் சரக்கு வண்டி. ஊருக்குள் இது போகும்போது உள்ளே ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது. எங்கே போகிறோம் என்று உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. வேண்டுமென்றே மணிக்கணக்கில் சுற்றவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் ஜெயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மேலே மூன்று தளங்களில் நிரந்தரக் கண்காட்சி. கருவிகள் இருக்கும் பகுதியில்தான் கூட்டம் நிற்கும்: பூவாளிக்குள் கேமரா, சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் கேமரா, இருட்டில் படமெடுக்க அகச்சிவப்பு விளக்கு பொருத்திய டிராபண்ட் காரின் கதவு. பார்க்கச் சுவாரசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் ரொம்ப நேரம் போக்காதீர்கள், சினிமா பார்த்த மாதிரி ஆகிவிடும். அதைவிட அந்தக் கண்ணாடி ஜாடியைப் பாருங்கள். விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு துணியைப் போட்டு, அவர் உடம்பு வாசனை ஏறியதும் எடுத்து மூடி, பெயர் ஒட்டி வைப்பார்கள். பிற்பாடு எங்காவது துண்டறிக்கை கிடைத்தால் மோப்ப நாயை வைத்து யாருடையது என்று கண்டுபிடிக்கலாம். ஒரு மனிதரின் வியர்வையைக்கூட அரசு ஜாடியில் போட்டு வைத்திருந்தது. வேறு எதையும் விட இதுதான் எனக்கு அந்த ஆட்சியைச் சொல்கிறது.

இரண்டாம் தளம் அமைச்சரின் தளம். எரிக் மீல்கே 1957 முதல் 1989 வரை, முப்பத்திரண்டு வருஷம், அமைச்சராக இருந்தார், இந்தக் கட்டடம் எழும்பிய பிறகு இங்கேதான் உட்கார்ந்தார். அறைகளை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார்கள்: மரப்பலகை பதித்த சுவர், நீளமான கூட்ட மேசை, நீல நிற நாற்காலிகள், தொலைபேசிகள், பக்கத்தில் படுக்கையறை, குளியலறை. ஆடம்பரம் என்று சொல்ல முடியாது, ஒரு பழைய நடுத்தர ஓட்டல் அறை அளவுக்குத்தான். மேற்கே தப்பிப் போக முயன்றால் சுடலாம் என்பது முதல் யார் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கக் கூடாது என்பது வரை முடிவெடுத்த ஆட்சியின் உயர்மட்டம் இப்படித்தான் இருந்தது.

அங்கே ஒரு சின்ன அட்டை இருக்கும், தேடிப் பாருங்கள். மீல்கேயின் காலை உணவை எப்படி வைக்க வேண்டும் என்று அவரது செயலகத்தில் எழுதி வைத்த குறிப்பு. ரொட்டி எங்கே, கத்தி எங்கே, காப்பி எங்கே என்று படம் போட்டு, முட்டையை நாலரை நிமிஷம் வேகவைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். ஒரு மனிதரின் தட்டில் எது எந்தப் பக்கம் என்பதைக்கூட எழுதி ஒப்படைத்த அதே அலுவலகம்தான் கீழே ட்செர்செட்சுங் திட்டங்களையும் தட்டச்சு செய்தது. ஹௌஸ் 7-ஐ முதலில் பார்க்கச் சொன்னதற்கு இந்த அட்டையும் ஒரு காரணம். நேராக இங்கே வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள், கோப்பைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

மீல்கே என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1989 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நின்று, நான் எல்லா மனிதர்களையும் நேசிக்கிறேன் என்றார், சபை சிரித்தது. 1993-இல் ஆறு வருஷத் தண்டனை கிடைத்தது, ஆனால் ஸ்டாசியில் செய்ததற்காக இல்லை, 1931-இல் பெர்லினில் இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கொன்ற வழக்கில். 1995-இல் விடுதலை, 2000-இல் இறந்தார்.

ஹௌஸ் 1-க்கு ஆங்கிலத்தில் வழிகாட்டிச் சுற்றும் உண்டு. நேரம் ஒத்துவந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் சுற்று முடிந்த பிறகு தனியாக இன்னொரு முறை நடங்கள். கூட்டத்தோடு போகும்போது தாழ்வாரத்தின் அமைதி கேட்காது.

கீழே இறங்கியதும் முற்றத்துக் கண்காட்சிக்கு வாருங்கள், புரட்சியும் சுவரின் வீழ்ச்சியும் பற்றியது. இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், இந்த இடம் எப்படி மிஞ்சியது என்பதை இங்கேதான் சொல்கிறார்கள். அரசாங்கம் நல்ல மனதோடு திறந்துவைத்த இடம் இல்லை இது. 1989 டிசம்பர் 4-இல் எர்ஃபுர்ட் நகரத்து ஸ்டாசி அலுவலகத்துக்குள் மக்கள் முதலில் நுழைந்தார்கள், கோப்புகள் எரிகின்றன என்று தெரிந்ததும். தொடர்ந்து மற்ற ஊர்கள். பெர்லின் தலைமையகம் மட்டும் ஜனவரி வரை இயங்கிக்கொண்டிருந்தது. 1990 ஜனவரி 15 மாலை, ஸ்டாசியின் வாசலை அடையாளமாகச் சுவர் எழுப்பி மூடுவோம், செங்கல்லோடு வாருங்கள் என்று நொயஸ் ஃபோரம் (புதிய மன்றம்) என்ற எதிர்ப்பு இயக்கம் அழைத்தது, ஆயிரக்கணக்கில் வந்தார்கள், வாயில்கள் திறந்தன, கூட்டம் உள்ளே புகுந்தது. நீங்கள் நிற்கும் இதே முற்றம்.

அதோடு முடியவில்லை. ஜெர்மனி ஒன்றாகப் போகும் நேரத்தில், இந்தக் கோப்புகளை அடைத்து வைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. 1990 செப்டம்பரில் உரிமைப் போராளிகள் காப்பகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது, என் கோப்பு எனக்கு வேண்டும் என்பது. அதன் பலனாக 1991 இறுதியில் சட்டம் வந்தது, 1992 ஜனவரி 2 முதல் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கோப்பைத் தாங்களே படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ரகசியப் போலீஸின் கோப்புகளை அந்தந்த மக்களிடமே இவ்வளவு விரிவாகத் திறந்துவிட்டது அதுவரை உலகத்தில் நடக்காத காரியம். ஹௌஸ் 1 அதற்கும் முன்பே, 1990 நவம்பர் 7-இல், அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டது, இன்றும் அதை நடத்துவது போராட்டக்காரர்கள் தொடங்கிய ஒரு சங்கம்தான்.

தெம்பு இருந்தால், அடுத்த நாளைக்கு ஹோயன்ஷோன்ஹவுசன் ஜெயிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம், மனசு தாங்காது. எம்5 டிராமில் ஃப்ரையன்வால்டர் ஷ்ட்ராசே நிறுத்தத்தில் இறங்கி, கென்ஸ்லர்ஷ்ட்ராசே 66 வரை சுமார் பத்து நிமிட நடை. ஸ்டாசி இருந்த காலத்தில் நகர வரைபடத்தில் இந்தப் பகுதி வெற்றிடமாகத்தான் இருக்கும். ஜெயிலுக்குள் தனியாகச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடுதான். ஆங்கிலச் சுற்றுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். சில சுற்றுகளை இங்கேயே அடைபட்டிருந்தவர்கள் நடத்துகிறார்கள், அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற திட்டத்தை மாற்றியாவது போங்கள். வயதாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் ரொம்ப நாள் அவர்கள் வாயால் கேட்க முடியாது.

அங்கே கவனிக்க: நிலவறையில் ஜன்னலே இல்லாத அறைகள், கைதிகள் நீர்மூழ்கிக் கப்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிய கட்டடத்தில் ஜன்னலுக்குப் பதில் கண்ணாடிக் கற்கள், வெளிச்சம் வரும், வானம் தெரியாது. தாழ்வாரத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. மாடியில் விசாரணை அறைகள், சுவருக்கு ஒட்டுத்தாள், ஜன்னலுக்குத் திரை, ஒரு மேசை. ஹௌஸ் 1-இல் பார்த்த அதே அலுவலகம். முன்னாள் கைதியான வழிகாட்டியிடம் கேள்வி கேட்கும்போது அந்த நாள்களைப் பற்றிக் கேளுங்கள், ஆனால் யார் காட்டிக் கொடுத்தார் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். விசாரணை அறை நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுப்பது, கைதி மாதிரி நிற்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம் என்பேன், லிக்டன்பெர்க் முற்றம் அவர்களுக்குப் பரவாயில்லை.

இன்னொன்று, சிலருக்கு மட்டும். கிழக்கு ஜெர்மனியில் அந்தக் காலத்தில் படித்தவர், வேலை பார்த்தவர், அங்கே உறவு வைத்திருந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரிலும் அட்டை இருக்கலாம். வெளிநாட்டவரும் தங்கள் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்றை உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டும், பதில் வர நாளாகும், மற்றவர்களின் பெயர்களை மறைத்துத்தான் தருவார்கள், தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயர் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தனிமனிதர்களிடமிருந்து வந்திருக்கின்றன. விண்ணப்பிப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கோப்பில் வரும் பெயர் நெருங்கிய நண்பருடையதாகவும் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதைக் கோப்புக்கு உரியவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவருக்காக நீங்கள் இல்லை.